பதினோரு மணி நேரம் ஓடிய மெஷின்

பிள்ளைகளா, பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் 'தகப்பனார் தொழில்' என்று கேட்டிருந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையை எழுதியிருந்தீர்கள்: வெளிநாடு. அக்காவைப் பார்த்துத் தம்பி எழுதினானா, அவனைப் பார்த்து அவள் எழுதினாளா, எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா அதைப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஒரே வரி: "பாத்தீங்களா?"

பார்த்தேன். வெளிநாடு என்பது தொழில் இல்லையே, இடம்தானே என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தபோது, நீங்கள் எழுதியதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று பட்டது. ஒன்பது வருஷமாக நான் செய்து வந்த வேலை அதுதான். வீட்டில் இல்லாமல் இருப்பது. அதற்குத்தான் மாதச் சம்பளம். சாலையோர மரங்களைக் கழித்துவிட்டது உபரி வேலை.

அந்த மெஷினை ஏன் வாங்கினீர்கள் என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். அதிலும் கணக்குப் பரீட்சைக்கு இரண்டு தடவை உட்கார்ந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மெஷின் வாங்கியதில் இருக்கும் பிழையை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆறு மாத விடுப்பில் வந்தேன். உங்கள் அம்மாவும் நானும் பேசிவைத்தது இவ்வளவுதான்: ஆறு மாதத்துக்குள் ஊரில் மரம் வெட்டும் தொழில் நிலைத்துவிட்டால் நான் இருந்துவிடுவது. நிலைக்கவில்லையென்றால் விடுப்பு முடிகிற அன்றைக்குத் திரும்ப விமானம் ஏறுவது. கொண்டுவந்த பெட்டியிலிருந்து சாக்லேட்டையும் சோப்பையும் நீங்கள் எடுத்துக்கொண்ட பிறகு, என் கம்பெனிச் சட்டையையும் பூட்ஸையும் அதிலேயே போட்டு, வந்த நீலக் கயிற்றாலேயே திரும்பக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். "எதுக்கு மறுபடி கட்டுறீங்க?" என்றாள் அம்மா. "ஆறு மாசம்தானே" என்றேன். தொழில் தொடங்க வந்தவன் பேசுகிற பேச்சா அது? ஆனால் அப்படித்தான் பேசினேன்.

வாள், கயிறு, இடுப்பு வார், தலைக்கவசம் எல்லாம் என்னிடம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: சிப்பர். கிளையை ஒரு வாயில் கொடுத்தால் மறு வாயில் அவல் மாதிரி சில்லுச் சில்லாகத் துப்புகிற மெஷின். அங்கே அது இல்லாமல் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மரத்தை வெட்டுவது அங்கே கால் பங்கு வேலை. வெட்டிய தடம் தெரியாமல் ஆக்குவது முக்கால் பங்கு. சாயங்காலம் ஒரு கொப்பு ரோட்டோரம் கிடந்தால் கம்பெனிக்கு அபராதம், எங்களுக்கு வசவு. ஒன்பது வருஷம் அதைப் பார்த்தவனுக்கு மரத்தொழில் என்றாலே அந்த மெஷின்தான் கண்ணுக்குள் நிற்கும்.

உங்கள் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் அண்ணன், லோடு வண்டி ஓட்டுகிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். மண்டையைச் சொறிந்தார்.

"மாப்ள, அருவா ஒண்ணு, கயிறு ஒண்ணு. மரம் வெட்டுறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"மச்சான், அது கூலி வேலை. நான் செய்யப்போறது கம்பெனி."

"கம்பெனின்னா?"

"வெட்டுனதும் இடம் சுத்தமா இருக்கணும். ஒரு இலை கிடக்கக் கூடாது."

"நம்ம ஊர்லயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்போதே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். "ஆமா, நம்ம ஊர்லதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

புது மெஷின் வாங்க வசதி இல்லை. பழையதைத் தேடினோம். காரைக்காலைச் சுற்றி இரண்டு இருப்பதாகத் தெரிந்தது: அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒன்று, தருமபுரத்தில் ஒரு வீட்டில் ஒன்று.

முதலில் தோப்புக்குப் போனோம். தோப்புக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மெஷினைக் காட்டினார். பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. மேலே அடித்திருந்த வண்ணம் எது என்றே தெரியவில்லை. கிளை கொடுக்கிற வாய் மூன்று இடத்தில் வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. பிளேடுகள் தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருந்தன. இன்ஜினைப் போட்டதும் தோப்பில் இருந்த காக்கை அத்தனையும் எழும்பிப் பறந்தது. அவசரத்துக்கு நிறுத்துகிற கம்பி ஒன்று வாய்க்கு மேலே இருக்கும். கை மாட்டிக்கொண்டால் உயிர் காப்பது அதுதான். அதைக் கட்டுக்கம்பி போட்டு அசையாமல் கட்டிவைத்திருந்தார்கள்.

"இதை ஏங்க கட்டிட்டீங்க?"

"சும்மா சும்மா நின்னு போவுதுங்க. வேலை கெடுது."

"கை போயிடுங்க."

"இதுவரைக்கும் போவலீங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து விரலும் இருந்தன. பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "அந்தக் கட்டை அவுத்துட்டா அது பாட்டுக்கு வேலை செய்யுங்க" என்றார்.

"சரி, ஏன் விக்கிறீங்க?"

"பத்தலீங்க. மட்டை அவ்வளவு விழுது. பெரிய மெஷினா ஒண்ணு சொல்லியிருக்கேன்."

திரும்பி வரும்போது வண்டியில் நான் மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். பழைய மெஷின் வாங்குவதற்கு முறை இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்றால் பேரிங் போச்சு. சுற்றும் கத்திக்கும் நிலைக்கத்திக்கும் நடுவில் இடைவெளி பார்க்க வேண்டும். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, ஆயில் என்ன நிறம், புகை கறுப்பா வெள்ளையா. எல்லாவற்றுக்கும் மேலே, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டர். குறைவாக ஓடிய மெஷினே நல்ல மெஷின். மாமா வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டே வந்தார். "பொண்ணு பார்க்கப் போறப்பகூட நீ இவ்வளவு பார்க்கலையே மாப்ள" என்றார். அவர் தங்கச்சியைத்தான் சொன்னார்.

தருமபுரத்து வீட்டில் இருந்தவர் ஒரு பாய். இருபது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் வியாபாரம் பார்த்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சட்டை. "வாங்க தம்பி, வாங்க, உக்காருங்க" என்று முதலில் டீ கொடுத்தார். பிறகுதான் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்தார்.

ஆரஞ்சு வண்ணம், புதுசு மாதிரி. பிளேடில் முகம் பார்க்கலாம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்தே பார்த்துவிட்டேன். டிரம்மைச் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. நிறுத்துகிற கம்பி அசைத்தால் அசைந்தது. கடைசியாக மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன். பதினோரு மணி நேரம். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்றார் பாய். இரண்டு வருஷத்தில் பதினோரு மணி நேரம்!

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். பரீட்சையில் பாஸான முகம் என் முகம்.

"பாய், இவ்வளவு நல்ல மெஷினை ஏன் விக்கிறீங்க?"

"பொய் சொல்லி விக்க மாட்டேன் தம்பி, மறுமையில பதில் சொல்லணும். நானும் உங்கள மாதிரி அங்க பார்த்துட்டு ஆசைப்பட்டு வாங்குனதுதான். இங்க அதுக்கு வேலை இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் தமிழில் சொல்ல முடியாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், கடையில் உட்கார்ந்து பழகிய மனிதர், மரம் ஏறுவாரா, வாள் பிடிப்பாரா, வேலையைத் தேடிப் போகத் தெரியவில்லை என்று நினைத்தேன். அவருக்காக வருத்தப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஓட்டிப் பார்க்க ஒரு கொப்பு வேண்டும். கொல்லையில் அன்று காலையில் கழித்த வேப்பங்கொத்து குவியலாகக் கிடந்தது. பாய் அதில் ஒன்றை இழுத்ததும் உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா குரல் கொடுத்தார்கள். "அது ஆட்டுக்கு வச்சிருக்கேன், அதுல கை வைக்காதீங்க!" பாய் கொத்தைக் கீழே போட்டார். சுவரோரம் காய்ந்த தென்னை மட்டை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து வாயில் கொடுத்தேன். மெஷின் ஒரு நொடியில் மென்று துப்பியது. அருமையான சத்தம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டாள்.

"என்ன பாய், மட்டையைத் தூளாக்கிட்டீங்க? நான் வெந்நீர் போட எடுத்துக்கிறேன்னு காலையிலதானே சொல்லிட்டுப் போனேன்?"

"இல்லம்மா, மெஷின் பார்க்க வந்திருக்காங்க…"

"மெஷின் பார்க்க என் மட்டையா கிடைச்சுது?"

பாய் என்னைப் பார்த்தார். சொன்னேனே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் அதைக் கவனிக்காமல் சில்லுகளைக் கையில் அள்ளி, எவ்வளவு சீராக வெட்டியிருக்கிறது என்று மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைக்கவில்லையே தவிர, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தாள். நீங்கள் இரண்டு பேரும் அதன் மேல் ஏறிக்கொண்டு பஸ் ஓட்டினீர்கள். வாசலில் பலகை மாட்டினோம். காற்றடிக்கிற மாதங்களுக்கு முன்னால் மரத்தைக் கழித்துவிடவேண்டும் என்ற பயம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு, அதனால் முதல் வாரமே வேலை வந்தது. ஒரு வாத்தியார் வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரம்.

மெஷினை மாமாவின் வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு போனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் மேலே ஏறி, கயிறு போட்டு, முதல் கிளையை அறுத்துப் பதமாக இறக்கினேன். இறங்கி வந்து மெஷினைப் போடலாம் என்று திரும்பினால் கிளையைக் காணோம். எதிர்வீட்டுக்காரர் அடிப்பக்கத்தையும் அவர் சம்சாரம் நுனிப்பக்கத்தையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"ஏங்க, அது மெஷினுக்குங்க!"

"வாத்தியார் எடுத்துக்கச் சொல்லிட்டாருங்க."

அதற்குள் ஆடு வளர்க்கிற ஒரு அக்கா தழையை உருவிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்து நடுத்தண்டுக்குப் பேசிவிட்டார். மத்தியானம் நான் கடைசியாக இறங்கும்போது வாசல் கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு இலை கிடையாது. நான் மாமாவிடம் சொன்ன அதே சுத்தம். மெஷின் ஓரமாகப் புது மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வாத்தியார் கூலியைக் கொடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "அது என்னங்க, தண்ணி அடிக்கிற மெஷினா?"

அடுத்தது தென்னை. மட்டை கீற்று முடைய ஒரு வீட்டுக்கு, ஈர்க்கு விளக்குமாற்றுக்கு இன்னொரு வீட்டுக்கு, பாளை அடுப்புக்கு, பன்னாடைகூட யாரோ சாம்பிராணி போட எடுத்துப் போனார்கள். அடுத்தது மாமரம். இலை தோரணத்துக்குப் போனது, குச்சி ஹோமத்துக்குப் போனது. கட்டைக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் மரத்தடியிலேயே பழைய பாகப்பிரிவினையை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பூவரசு, வாகை, நாவல் எதை வெட்டினாலும் அது தரையைத் தொடுவதற்குள் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஒன்பது வருஷத்தில் நான் என் ஊரை மறந்துவிட்டிருக்கிறேன். நம் வீட்டிலும் சிறு வயதில் ஒரு சுள்ளி வீணானது கிடையாது. வெட்டிய மரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் இந்தப் பூமியில் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்களுக்காகச் செய்த மெஷினை நான் காரைக்காலில் இழுத்துக்கொண்டு அலைகிறேன்.

"மாப்ள" என்றார் மாமா. "இனிமே இதுக்கு நாமதான் விறகுக்கடையில விறகு வாங்கிப் போடணும்."

மூன்றாவது மாதம் மெஷினை வேலைக்கு இழுத்துப்போவதை நிறுத்திவிட்டேன். வேப்பமரத்தடியில் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன். கடல் காற்று அடிக்கிற அடியில் செங்கல் எந்த மூலைக்கு? தினம் காலையில் தார்ப்பாய் வேலியில் கிடக்கும். "ஒரு நல்ல கயிறு போட்டுக் கட்டுங்களேன்" என்றாள் அம்மா. கயிறு வாங்கணும் என்றேன். வாங்கவில்லை. நம் சிவப்புக் கோழி தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து, கிளை கொடுக்கிற வாய்க்குள் முட்டை வைக்க ஆரம்பித்தது. உங்கள் அம்மா ஒருநாள் இரண்டு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"உங்க கம்பெனி உற்பத்தி" என்றாள்.

சிரித்தேன். ஆனால் அன்றைக்கே பரணைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். மரம் வெட்டும் கூலி மட்டும் வந்தது. ஆனால் அருவாளும் கயிறும் வைத்திருக்கிற எல்லாருக்கும் வருகிற அதே கூலி, அதே காத்திருப்பு. அதில் ஒரு வீடு ஓடாது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அங்கிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். "இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. வர்றியா, உன் இடத்துல வேற ஆளைப் போடட்டுமா?" வருகிறேன் என்று சொன்னேன். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அந்த உளுந்தை வெகு நேரம் களைந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் குடையோடு நம் சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்தார்.

"கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு. கல்லறைத் தோட்டத்துல கருவை மண்டிக் கிடக்கு, உள்ள கால் வைக்க முடியல. சாமியார் உங்களைக் கேக்கச் சொன்னாரு. வருவீங்களா?"

போவதற்கு முன் ஒரு புண்ணியம் ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். மெஷினைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. மாமா வண்டி பழுதாகி நின்றது. நான் வாளை மட்டும் எடுத்துக்கொண்டு கூட இரண்டு ஆளோடு போனேன். இடுப்பளவு கருவை முள், நடுநடுவே ஆளுயர அரளி, ஓரத்தில் ஒடிந்து விழுந்த ஒரு வாகை. முள்ளை விலக்கினால் உள்ளே பிரெஞ்சு எழுத்து வெட்டிய பழைய கற்கள்கூடக் கிடந்தன. முதல் நாள் வெட்டினோம். குவித்து வைத்துவிட்டு, காலையில் வந்தால் இருக்காது என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் போனால் குவியல் அப்படியே இருந்தது.

நல்ல வாகைக் கட்டை, அதுகூட. மழை என்பதால் யாரும் வரவில்லை போலிருக்கிறது என்று இரண்டாம் நாளும் வெட்டினோம். குவியல் மதிலுக்கு மேலே உயர்ந்துவிட்டது. மதிலுக்கு வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு போன அதே அக்கா, வாத்தியார் வீட்டில் சாக்கோடு வந்தவர், நின்று எட்டிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம்.

"அக்கா, வந்து எடுத்துக்குங்க! வேணுங்கிற அளவு இருக்கு."

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஏம்ப்பா, கல்லறை விறகையா? அதை அடுப்புல வச்சு என் புள்ளைங்களுக்குச் சோறாக்கவா?"

"நல்ல வாகைக்கா."

"நல்லதோ கெட்டதோ, அவங்களோடது அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார்.

மழைத் தூறலில் நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதமாக ஊரெல்லாம் தேடியது இங்கே கிடந்தது. யாரும் உரிமை கொண்டாடாத மரம். கூட இருந்த ஆட்களில் ஒருவர், "என்னண்ணே, ஏதாச்சும் பூச்சி கடிச்சிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு நின்றிருக்கிறேன்.

அன்று மத்தியானமே மாமா யாரிடமோ வண்டி கேட்டு வாங்கி மெஷினை இழுத்து வந்தார். வாய்க்குள் இருந்த வைக்கோலையும் ஒரு முட்டையையும் எடுத்துவிட்டு, இன்ஜினைப் போட்டேன். இரண்டு நாள் அது நிற்கவில்லை. கருவை, அரளி, வாகை, எல்லாவற்றையும் தின்றது. பழுதே இல்லை. அதுதான் பதினோரு மணி நேரம் மட்டுமே ஓடிய மெஷின் ஆயிற்றே.

சில்லு மலையாகக் குவிந்தது. அதையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்து மண்ணை உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் களிமண் பிடித்துக்கொள்ளும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தால்தான் நடக்கலாம். சில்லைக் கூடை கூடையாகப் பாதையெல்லாம் கொட்டி மிதித்துவிட்டோம். திருநாளன்று ஊர் முழுக்க மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்தது. யாரும் பாதையைப் பார்க்கவில்லை. வழுக்கி விழுந்தால்தானே பார்ப்பார்கள்? சாமியார் மட்டும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தவர், பாதி வழியில் கீழே பார்த்துவிட்டு அங்கியை விட்டுவிட்டார்.

மறு வாரம் தருமபுரத்து பாய் நம் வீட்டுக்கு வந்தார். ஜமாத்தில் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் அடக்கம் செய்கிற மையவாடியிலும் அதே முள், அதே சேறு. மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"ரெண்டு வருசம் என் கொல்லையில நின்னுச்சு தம்பி. எனக்கு இது தோணவே இல்லையே."

"எனக்கும் தோணல பாய். நீங்க அப்பவே வேலை இல்லன்னு சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல."

"நான் பார்த்தவரைக்கும் இல்லதான். உசுரோட இருக்கிறவங்ககிட்ட மட்டும்தானே நான் கேட்டேன்" என்று சொல்லித் தாடியை நீவிக்கொண்டே சிரித்தார். வருஷத்துக்கு மூன்று தடவை வெட்டித் தரவேண்டும் என்று பேசினார். கருவை, வெட்ட வெட்டத் தழைக்கிற சாதி.

பிறகு சுடுகாட்டுப் பஞ்சாயத்துக்காரர்கள் வந்தார்கள். நம் சாமியார் பக்கத்துக் கிராமத்துக் கல்லறைகளையும் கொடுத்தார். மூன்று மதத்துக்காரர்களும் வாழும்போது ஒரு சுள்ளியைக்கூட எனக்கு விட்டுத்தரவில்லை. போன பிறகு தாராளமாக இருக்கிறார்கள். "மாப்ள, உன் வாடிக்கைக்காரங்கள்ல ஒருத்தன்கூட உன்மேல புகார் சொல்ல மாட்டான்" என்கிறார் மாமா. பள்ளிக்கூடத்தில் உங்களைக் 'கல்லறை மெஷின்' என்று கூப்பிடுகிறார்கள் என்று சின்னவன் அழுதுகொண்டு வந்தது எனக்குத் தெரியும். நீ அழுதபோது நான் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

விடுப்பு முடிகிற நாள் ஒரு சனிக்கிழமை. சூப்பர்வைசருக்கு முந்தின நாளே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அங்க என்ன வேலை கிடைச்சுது?" என்று கேட்டார். "மரம்தான்" என்றேன். அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வானம் கறுத்துக் கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. வெளியே தார்ப்பாய் ஒரு மூலையில் செங்கலைத் தள்ளிவிட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது.

நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் இளக்கினேன். நீலக் கயிற்றை முழுசாக உருவி, தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினேன். தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, மெஷினைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டினேன். கோழி போய்வர ஒரு மூலையை மட்டும் தளர்த்தி விட்டேன்.